காடா துணியும் கண்காட்சிச் சுவரும்

திருப்பூர் வட்டாரத்தில் ஓவியம் வரையத் தெரிந்தவருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் துணிதான். பனியன் கம்பெனிக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர், பிரிண்டிங் பட்டறையில் கலர் கலக்குபவர், எம்பிராய்டரிக்குக் கோடு வரைபவர் என்று வேலை பலவாக இருக்கும். ராத்திரி வீடு திரும்பிய பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ அவர் தனக்கென்று ஒரு படம் வரைவார். அந்தப் படம் நாலு பேர் கண்ணில் படுவது ஊர்க் கண்காட்சியில். அது பள்ளிக்கூட ஹாலாக இருக்கலாம், கல்யாண மண்டபமாக இருக்கலாம், புத்தகத் திருவிழாவின் ஒரு மூலையாக இருக்கலாம். கோவைக்குப் போனால் கலைக்கூடம் கிடைக்கும். சில நாட்களில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரு தெருவையே ஓவியர்களுக்கு விட்டுவிடுவதும் உண்டு.

பனியன் டிசைனும் ஓவியம்தானே என்று கேட்கலாம். கை ஒன்றுதான், வேலை வேறு. ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க்கை நிறம் நிறமாகப் பிரிப்பதில் பிரிண்டிங் தொடங்குகிறது. ஆறு நிறம் உள்ள டிசைன் என்றால் ஆறு ஃபிலிம், ஆறு ஸ்கிரீன். வலைத்துணி கட்டிய ஒவ்வொரு சட்டத்திலும் மருந்து பூசி, வெளிச்சம் காட்டி, அந்த நிறம் இறங்க வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிடுவார்கள். டேபிளிலோ செஸ்ட் பிரிண்டிங் மெஷினிலோ நிறம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். ஒரு நூல் அளவு விலகினாலும் பீஸ் ரிஜெக்ட். பனியன் துணி இழுபடும் என்பதால் அதனோடு சேர்ந்து இழுபடும் மை வேண்டும். பிளாஸ்டிசால் மையாக இருந்தால் 150, 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்தால்தான் துவைத்த பிறகும் நிற்கும். இதெல்லாம் கைவந்தவருக்கு நிறத்தைப் பற்றித் தெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த டிசைன் எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் சட்டையில் ஏறும்போது பிராண்டின் பெயர் இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது. கண்காட்சியில் படத்துக்குக் கீழே ஒட்டும் சின்னச் சீட்டுக்கு இவ்வளவு மதிப்பு வருவது இதனால்தான். வரைந்தவர் பெயர், படத்தின் தலைப்பு, என்ன வண்ணம், என்ன அளவு, எந்த ஆண்டு என்று அதில் ஐந்து வரி இருக்கும். திருப்பூரில் வேலை செய்யும் ஒரு கலைஞரின் பெயர் அவர் வேலைக்குப் பக்கத்திலேயே அச்சாகும் இடம் வேறு அதிகம் இல்லை.

துணிக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு தமிழில் சொல்லிலேயே இருக்கிறது. 'படம்' என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் பழைய பொருள் சீலை. அதன்பிறகு சித்திரம் எழுதிய சீலை. எழுதிய சீலையிலிருந்துதான் இன்று சுவரில் மாட்டும் படத்துக்கும் கொட்டகையில் ஓடும் படத்துக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லாத் துணியும் படத்துக்கு ஆகாது. திருப்பூரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பனியன் துணியில் எண்ணெய் வண்ண ஓவியம் நிலைக்காது. அது பின்னப்பட்ட துணி. ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போவதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் நீளும், ஓரம் சுருளும். சட்டத்தில் அடித்துப் பூச்சு கொடுத்தால் ஈரத்தில் தொய்ந்து, காய்ந்ததும் வெடிக்கும். கேன்வாஸுக்கு வேண்டியது பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நெய்த பருத்தித் துணி. அதற்கும் இந்த வட்டாரம் வெளியே போக வேண்டியதில்லை. பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிகளில் நெய்யப்படுவது காடா துணி. சாயமோ வெளுப்போ காணாத பழுப்பு வெள்ளைத் துணி அது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஏறக்குறைய 2 லட்சம் விசைத்தறிகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி கூலிக்கு ஓடுபவை. கடையில் கேன்வாஸ் வாங்கக் கட்டுப்படியாகாதவர் நல்ல தடித்த துணியாகப் பார்த்து வாங்கி, மரச்சட்டத்தில் இழுத்து அடித்து, பசையும் வெள்ளைப் பொடியும் கலந்து இரண்டு மூன்று கை பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்வார். சினிமா பேனர் ஓவியர்களும் துணியைச் சட்டத்தில் அடித்துத்தான் வரைந்தார்கள்.

கோவை பேனருக்குப் பேர்போன ஊர். ரயில்வே வேலையை விட்டு ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் அங்கே வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். பின்னால் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் வந்தன. இத்தனை படம் ஓடும் ஊரில் பேனர் வரையும் பட்டறைகள் இல்லாமல் எப்படி இருக்கும்? குமரி மாவட்டத்திலிருந்து வந்த வேலாயுதம் நடத்திய 'சினி ஆர்ட்ஸ்' அவற்றில் ஒன்று. அவருடைய மகன் ஜீவானந்தன்தான் இன்று தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஓவியர் ஜீவா. உள்ளங்கை அளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை ஆள் உயரத்துக்கு மேலான துணியில் பெரிதாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் முகத்தைக் கொண்டுவருவது பேனர் கலையின் அடிப்படை. பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் தூரிகை வீச்சு; சாலையின் எதிர்ப்பக்கம் போனால்தான் அது கண்ணாகவும் மூக்காகவும் தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணை மனதில் வைத்துக்கொண்டு கிட்ட நின்று வரையும் இந்தப் பயிற்சியை எந்தக் கல்லூரியும் இவ்வளவு கறாராகக் கொடுத்ததில்லை.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. பேனர் பட்டறைகள் சில ஆண்டுகளில் ஓய்ந்தன. கையால் எழுதிய கடைப்பலகைகளும் கூடவே போயின. அந்தக் கைகளில் சில பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போயின, சில கம்ப்யூட்டர் டிசைனுக்கு மாறின, சில நின்றேவிட்டன. ஜீவாவின் வழி வேறாக அமைந்தது. நீர்வண்ணம், கோட்டோவியம், உருவப்படம், புத்தக அட்டை, பத்திரிகைப் படம் என்று அவர் கை பரவியது. எழுத்தும் சேர்ந்துகொண்டது. சினிமா பற்றிய அவருடைய 'திரைச்சீலை' நூல் 58-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அங்கீகாரம் பெற்றது. அந்தத் தலைப்பிலும் ஒரு சீலை இருக்கிறது. கோவை சித்ரகலா அகாடமியின் தலைவராகப் பல ஆண்டுகளாக இருந்து, உள்ளூர் ஓவியர்களைக் கூட்டிக் குழுக் கண்காட்சிகள் நடத்திவருபவர் அவர். ஒரு தனி ஓவியரின் சாதனையைவிட இந்த வேலை ஊருக்குப் பெரிது. முழுநேர ஓவியரும், வங்கி வேலைக்குப் போய்க்கொண்டே வரைபவரும், முதல் படத்தை மாட்டக் கூச்சப்படும் மாணவியும் ஒரே சுவரில் நிற்பது இத்தகைய அமைப்புகளால்தான்.

அந்தச் சுவரையும் கோவைக்குக் கொடுத்தது ஜவுளிதான். 1956-ல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின், அதாவது 'சிட்ரா'வின், முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன். நூலின் முறுக்கையும் ஆலையின் உற்பத்தித் திறனையும் ஆராய்ந்த அதே மனிதர் நாவலும் எழுதினார், கலைக்கும் இடம் தேடினார். அவர் பெயரிலுள்ள அறநிலையம் அவிநாசி சாலையில் ஒரு கலைக்கூடத்தையும் நெசவு அருங்காட்சியகத்தையும் நடத்துகிறது. ராட்டையும் நூலும் ஒரு பக்கம், ஓவியங்கள் இன்னொரு பக்கம் என்று இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த மண்ணுக்குப் பொருத்தமானது. திருப்பூரிலிருந்து 50 கிலோமீட்டர் பஸ்ஸில் படங்களைக் கட்டிக்கொண்டு போகும் ஓவியருக்கு, வெளிச்சமும் சுவரும் முறையாக அமைந்த கூடம் என்பது இப்படி ஒன்றிரண்டுதான். திருப்பூர் மாநகராட்சியாகி, மாவட்டத் தலைநகரமாகவும் ஆன பிறகும் இந்தப் பஸ் பயணம் குறையவில்லை.

ஓவியரின் பிழைப்பைத் துணியே தாங்கிய இன்னொரு கதையும் உண்டு. அதன் நாயகர் கே.சி.எஸ். பணிக்கர், 1911-ல் கோவையில் பிறந்தவர். 1944-ல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார், பின்னர் அரசு கலைப்பள்ளியின் முதல்வரானார். தன்னிடம் படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் வேலை தேடி வரைவதையே விட்டுவிடுவதைக் கண்டு அவர் எடுத்த முடிவு எளிமையானது: பகலில் கொஞ்ச நேரம் கைவினை செய்து சம்பாதிக்கலாம், மீதி நேரம் ஓவியத்துக்கு. அந்தக் கைவினைகளில் முதன்மையானது பாத்திக். உருக்கிய மெழுகைத் துணியில் தூரிகையால் எழுதி, சாயத்தில் முக்கி, மெழுகு பட்ட இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்க, மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம் என்று போகும் முறை அது. ஓவியர்கள் கூடிச் செய்த பாத்திக் துணிகளும் மற்றக் கைவினைப் பொருள்களும் விற்று வந்த பணம் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்க உதவியது. 1966-ல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அரசு மானியத்தையோ செல்வந்தர் கொடையையோ மட்டும் நம்பாமல் ஓவியர்கள் தங்கள் கையாலேயே தங்கள் இடத்தைக் கட்டிக்கொண்ட கதை என்பதால்தான் அது இன்னும் பேசப்படுகிறது. இதே காலத்தில் நெசவாளர் சேவை மையங்களும் ஓவியர்களை வேலைக்கு எடுத்தன. ரெட்டெப்ப நாயுடு, வீர சந்தானம் போன்றவர்கள் அங்கே கைத்தறிக்கு டிசைன் செய்துகொண்டே தங்கள் ஓவியங்களை வரைந்தார்கள். திருப்பூரின் இன்றைய டிசைனருக்கு இவர்கள் தூரத்து உறவினர்கள்.

வேறுபாடு படிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ளன, சிற்பத்துக்கு மாமல்லபுரம். கொங்குப் பகுதிப் பிள்ளை ஓவியம் படிக்க வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். பத்தாவது முடித்ததும் வாரச் சம்பளத்துக்கு வேலை காத்திருக்கும் ஊரில் அப்படி அனுப்பும் வீடுகள் சொற்பம். அரசுப் பள்ளியில் 2012-ல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஓவியம் கற்பிப்பவர்களும் தையல் கற்பிப்பவர்களும் அடக்கம். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள். ஒரு குழந்தையின் கோட்டைப் பார்த்து 'இவளுக்கு வருகிறது' என்று முதலில் சொல்ல வேண்டியவரின் நிலைமை இது. எனவே இங்கே பலர் ஓவியராவது ஒரு மாஸ்டரின் பட்டறையில் எடுபிடியாக நின்று, அல்லது ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்து, அல்லது கண்காட்சிக்குப் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான்.

அரசின் ஆதரவு கலை பண்பாட்டுத் துறை வழியாக வருகிறது. துறையின் கீழுள்ள ஓவிய நுண்கலைக் குழு தனிக் கண்காட்சிக்கும் குழுக் கண்காட்சிக்கும் நிதியுதவி தருகிறது. மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாக விருது தருகின்றன. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. ஓவியரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். அப்போது கண்காட்சிகளில் கலந்துகொண்ட சான்றிதழ்களும் பத்திரிகைச் செய்தித் துண்டுகளும் கைகொடுக்கும் என்பதால், அழைப்பிதழில் ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாமல் ஃபைலில் கோத்து வைப்பது நல்ல பழக்கம்.

ஒரு குழுக் கண்காட்சி நடத்த ஆகும் வேலை வெளியே தெரிவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஹால் வாடகையைப் பங்கு போடுவார்கள். ஒருவருக்கு எத்தனை படம், எவ்வளவு நீளச் சுவர் என்பதை முதலிலேயே பேசி முடிக்காவிட்டால் கடைசி நாளில் மனக்கசப்பு வரும். சட்டம் போடும் செலவு பல சமயம் படம் வரைந்த செலவைத் தாண்டிவிடும். நீர்வண்ணத்துக்குக் கண்ணாடி வேண்டும், அக்ரிலிக்குக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் வேண்டாம். கண்ணாடி இருந்தால் எதிரிலிருக்கும் ட்யூப்லைட் அதில் பளிச்சென்று அடித்து முகத்தை மறைக்கும். படத்தின் மேல்பக்கத்தைச் சற்றே முன்னால் சாய்த்துக் கட்டினால் சரியாகும். படத்தின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண்மட்டத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், இருக்க வேண்டும். மண்டபத்துச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். அப்போது படம் தாங்கும் ஈஸல் தேவை, இல்லாவிட்டால் சவுக்குக் கம்பு கட்டி வெள்ளைத் துணி போர்த்திய தடுப்பு. அதற்கும் காடா துணியே கைகொடுக்கும். பெரிய படத்தைச் சிறிய படங்களுக்கு நடுவே திணித்தால் இரண்டுமே கெடும். படத்துக்குப் படம் மூச்சு விட இடம் வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நாலைந்து கண்காட்சியாவது ஆகும்.

நேரம் இன்னொரு சிக்கல். காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் கண்காட்சியைப் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர் பார்க்கவே முடியாது. ஒரு ஷிஃப்ட் முடிவதற்கே ஐந்தரை ஆகும். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் எட்டரை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை என்பதுதான் ஊரின் தாளம். திருப்பூரில் நடக்கும் எந்தக் கண்காட்சியும் ஞாயிற்றுக்கிழமையை உள்ளே வைத்து, மற்ற நாட்களில் ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருபவர்கள் ஓவியர்களின் சொந்தக்காரர்களும் சக ஓவியர்களும் மட்டுமே. திருப்பூர் புத்தகத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருவது மாலைக்கு மேல்தான். பள்ளி மாணவர்களுக்கான கலைப் போட்டிகளும் அதோடு சேர்ந்து நடப்பதால், படம் பார்க்கும் பழக்கத்துக்கு அங்கே ஏற்கெனவே ஒரு வாசல் திறந்திருக்கிறது.

தெருவுக்கே படத்தைக் கொண்டுவருவது அடுத்த வழி. பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் நடத்தும் 'சித்ர சந்தை' இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. குமாரகிருபா சாலையின் இருபுறமும் நூற்றுக்கணக்கான ஓவியர்கள் கடை விரிப்பார்கள். வெளிமாநிலத்தவருக்கும் அங்கே இடம் உண்டு. கோவை விழாவின் பகுதியாக ரேஸ்கோர்ஸ் பக்கத்து ஸ்கீம் ரோட்டில் நடக்கும் 'ஆர்ட் ஸ்ட்ரீட்' அதே வகை. கூடத்துக்குள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்குபவர்கூட தெருவில் தயங்குவதில்லை. பானிபூரி தின்றுகொண்டே ஒருவர் நின்று 'இது எவ்வளவுங்க?' என்று கேட்பார். அந்தக் கேள்வி ஓவியருக்கு மிக உதவியானது. எந்த அளவுப் படத்துக்கு ஆட்கள் நிற்கிறார்கள், எந்த விலையில் நகர்கிறார்கள் என்பதை அது ஒரே நாளில் சொல்லிவிடும். பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய சின்னப் படங்களும், உட்கார வைத்துப் பத்து நிமிடத்தில் வரையும் முகச்சித்திரமும் அங்கே முதலில் போகும். வெயிலும் தூசும் கூட்டத்தின் இடியும் பெரிய எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு ஆகாது, அதற்குக் கூடம்தான்.

இந்த ஊர்க் கண்காட்சிகளில் அதிகம் காணக் கிடைப்பவை காங்கேயம் காளை, கோயில் கோபுரம், தாத்தா பாட்டியின் சுருக்கம் விழுந்த முகம், பிள்ளையார், குதிரை. காளை விற்கும், அதனால் காளை வரையப்படுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காங்கேயம் காளையின் திமிலையும் தோள்பட்டைக் கருமையையும் சரியாகக் கொண்டுவருவது சாதாரண வேலையல்ல. ஆனால் திருப்பூரே படத்தில் வருவது குறைவு. எழுத்தில் அந்தக் குறை இல்லை. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவல் 1990-களிலேயே நொய்யல் ஆற்றின் சாயத்தைக் கதையாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரே நின்றது. சாயம் ஓடிய ஆறு, கட்டிங் டேபிளில் அடுக்கடுக்காக விரித்த துணி, தெருவோரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கட்டிங் வேஸ்ட், காலை எட்டு மணிக்குக் கம்பெனி வண்டிக்கு நிற்கும் பெண்கள், ஒரே அறையில் வரிசையாக வெள்ளை வெளிச்சத்தில் ஓடும் ஓவர்லாக் மெஷின்கள்: கண்ணுக்கு இவ்வளவு தீனி உள்ள ஊர் தமிழ்நாட்டில் வேறு எது? சாயத்தைத் தினமும் கையால் தொடுபவரே அந்தச் சாயத்தைப் பற்றிப் படம் வரைந்தால், வெளியூர் ஓவியர் எவருக்கும் கிடைக்காத நுணுக்கம் அதில் இருக்கும். உள்ளூர்க் கண்காட்சி நடத்துபவர்கள் ஒரு முறையாவது 'நம்ம ஊர்' என்று தலைப்புக் கொடுத்துப் படம் கேட்டுப் பார்க்கலாம். தலைப்பு கொடுத்தால் வரையும் கைகள் இங்கே நிறைய உண்டு.

விற்பனை பற்றியும் சொல்ல வேண்டும். வணிகக் கலைக்கூடங்கள் விற்ற விலையில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்ளும். ஓவியர்களே சேர்ந்து நடத்தும் கண்காட்சியில் பெரும்பாலும் அது கிடையாது, இருந்தாலும் வாடகைக்காகச் சிறிது. விற்ற படத்தின் சீட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். படம் கடைசி நாள் வரை சுவரிலேயே இருக்கும். முதல் பொட்டு விழுந்த பிறகு ஹாலில் பேச்சின் சத்தமே மாறிவிடும். வாங்குபவர்களில் டாக்டர்களும் கம்பெனி முதலாளிகளும் உண்டு. புது வீட்டு ஹாலுக்கு, சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிற படமாகக் கேட்பவர்களும் உண்டு. விலையைத் தயங்கித் தயங்கிச் சொல்லும் ஓவியர் தன் நாட்கூலியைக்கூட எடுக்காமல் கொடுத்துவிடுகிறார். படத்துக்கு ஆன நாட்களை ஷிஃப்ட் கணக்கில் எண்ணி, சட்டத்தின் செலவையும் வண்ணத்தின் செலவையும் கூட்டி விலை போடும் வழக்கம் இந்த ஊருக்குக் கடினமானதல்ல. ஒரு பீஸுக்கு எவ்வளவு என்று பைசா வரைக்கும் கணக்குப் போடும் ஊர் இது.

கடைசி நாள் சாயங்காலம் படங்கள் இறங்கும். வாங்கியவர்கள் வந்து எடுத்துப்போவார்கள், அல்லது வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்ட பிறகே படத்தைக் கைமாற்ற வேண்டும். பிறகு அந்தப் படத்தைப் பற்றி ஓவியரிடம் மிஞ்சப்போவது அதுதான். விற்காதவை முகத்துக்கு முகம் சேர்த்து, நடுவே அட்டை வைத்துக் கட்டப்படும். கண்ணாடியைத் துடைக்கவும், சட்டத்தின் மூலையில் அடிபடாமல் சுற்றவும் பையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் இருக்கும். வீட்டில் தூரிகை துடைப்பதும் அதில்தான். எல்லாம் ஆம்னி வேனில் ஏறியதும் வருகைப் பதிவேட்டை மட்டும் ஒருவர் கையில் வைத்துக்கொள்வார். கோவையிலிருந்து திரும்பும் வழியில் அவிநாசி தாண்டுவதற்குள் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று உரக்கப் படித்துவிடுவார்கள்.